சீல் பிரிக்காத பெட்டி

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் வரிசையில் உட்காரும் சுதீர் சாப்பாட்டு மேஜையில் சொன்னது. அவன் சாஃப்ட்வேர் டெஸ்டர், பக் என்கிற பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன். நான் அதே சாஃப்ட்வேருக்கு யாரும் படிக்காத கையேடு எழுதுகிறவள். சொல்லி முடித்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "எழுதறதுன்னா எழுதிக்கோங்க மேடம். மெஷின் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றான்.

பெயரைப் போட்டால் விலை ஏறிவிடுமாம். சிரிக்காதீர்கள், அவன் பட்டவன்.

இருபது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம் மெஷின் அது. டிவியில் மாட்டி ஆடுவது. வந்த வேகத்தில் தோற்றுப்போனது, காரணம் அதன் கன்ட்ரோலர். மற்ற மெஷின்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆடுவார்கள். இதில் டார்ச் லைட்டைப் பிடிப்பதுபோல ஒரு கையால் பிடிக்க வேண்டும். உலகமே கேலி செய்தது. பழைய மெஷின் சேர்க்கிறவர்கள்கூட அதைத் தொடவில்லை. சுதீர் ஒரு நாள் நடைபாதைச் சந்தையில் அறுநூறு ரூபாய்க்கு ஒன்றை வாங்கினான், பித்துப் பிடித்துவிட்டது. ஒன்று, மூன்று, ஏழு என்று சேர்த்தான்.

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தான். யாரும் மதிக்காத மெஷின் என்று அதைப் புகழ்ந்து எட்டு நிமிஷ வீடியோ போட்டான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அறுநூறு ரூபாய் மெஷின் ஆறே மாதத்தில் இருபதாயிரம் ஆனது. ஆசைப்பட்டதை ஊரெல்லாம் சொல்லி, கடைசியில் தனக்கே எட்டாமல் செய்துகொண்டான் மகராசன்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு சந்தேகம்: இதை எழுதுவதன் மூலம் நானும் அதையேதான் செய்கிறேனோ? இருக்கலாம். அதனால்தான் பெயர் இல்லை. ஊகித்தாலும் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

2

ஆரம்பம் வராமல் நான் பட்ட பாடு:

ஜீவனஹள்ளியில் அன்று காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டு

[மழையே இல்லையாம். மழை என் கெட்ட பழக்கம்.]

சுதீருக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது, ஒன்றே ஒன்றைத்

[பொய். வீட்டுக் கடன் இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது. ஆனாலும் அந்த ஒன்று உண்மைதான், அதை வைத்துக்கொள்கிறேன்.]

கம்பெனி மூழ்குவதற்கு முன்னால் கடைசி முயற்சியாக, எல்லாரையும்போல இரண்டு கையால் பிடிக்கிற கன்ட்ரோலர் ஒன்றைக் கொஞ்சமாகச் செய்து அனுப்பியது. அது மட்டும்தான் சுதீரிடம் இல்லாதது. படத்தில் பார்த்ததோடு சரி.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விற்பனைக்கு என்று போனில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு சுதீர் ஜீவனஹள்ளிக்குப் போனான். மாடி வீடு. படம் போட்டவர் ஃபிலோமினா, காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரி கவுன்டரில் வேலை. அவர் கணவர் ஃபிராங்க்ளின், பல வருஷம் வைட்ஃபீல்டில் ஆபீஸ் வண்டி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய ஒரு ஜப்பான் குடும்பம், சுமக்க முடியாமல் அந்த மெஷினை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

போன வருஷம் ஃபிராங்க்ளினுக்கு ஸ்ட்ரோக். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கை மட்டும் மடியில் சும்மா கிடந்தது.

வாங்குகிறவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது பழைய மெஷின் விற்கிறவர்களின் வழக்கம். ஃபிராங்க்ளின் இடது கையில் அந்த ஒற்றைக்கைக் கன்ட்ரோலரைப் பிடித்தார். திரையில் ஒரு தவளை. ஆற்றில் மிதக்கும் கட்டைமேல் கட்டையாகத் தாவி அக்கரைக்குப் போக வேண்டும். ஐந்து ஆறுகளை மூச்சு விடாமல் தாண்டினார். சுதீர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஏழு மெஷின் வைத்திருந்தவன் இரண்டாவது ஆற்றையே தாண்டியதில்லை.

இவ்வளவு ஆசையாக ஆடுகிறவர் எதற்கு விற்கிறார் என்று அவன் கேட்டதற்கு, பதில் சொன்னது ஃபிலோமினா.

"எல்லாம் இடது கையிலேயே நடந்துடுது சார். சாப்பாடு, சட்டை பட்டன், போன், இப்ப இந்த ஆட்டமும். வலது கைன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டாரு. டாக்டர் குடுத்த ரப்பர் பந்தைப் பத்து தரம் அமுக்கிட்டுத் தூக்கிப் போட்டுடறாரு. இது வீட்ல இருக்கற வரைக்கும் அந்தக் கை வேலைக்கு வராது."

ஃபிராங்க்ளின் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். ஒயரை இடது கையால் சுற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் ஃபிலோமினா பீரோமேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். டேப்கூடப் பிரிக்காதது. மேலே படம் இல்லை, ஜப்பான் எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான். "இதுவும் அவங்க குடுத்ததுதான். ஸ்பேர் போல இருக்கு, சேர்த்து எடுத்துக்கோங்க" என்றார்.

அந்த எண் ஏழில் முடிந்தது. மற்ற கன்ட்ரோலர் பெட்டிகளெல்லாம் நாலில் முடியும். ஏழு என்றால் இரண்டு கையால் பிடிப்பது. பெங்களூரில் இதைத் தெரிந்தவன் அநேகமாக அவன் ஒருத்தன்தான். சீல் பிரிக்காத ஒன்று சமீபத்தில் முப்பத்தைந்தாயிரத்துக்குப் போயிருந்தது.

ஃபிலோமினா எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்டது எட்டாயிரம்.

4

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நான் எழுதிய முதல் பிரதியில், சுதீர் உடனே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஃபிலோமினாவின் கண் கலங்குகிறது. எனக்கே படிக்க நன்றாக இருந்தது. அச்செடுத்து அவனிடம் காட்டினேன்.

படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இப்படி நடக்கல மேடம். நான் காசைக் குடுத்துட்டு மெஷினையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். அதை எழுதுங்க."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. கதையைக் கெடுத்துவிட்டான் என்று பாதி, நிஜமாகவே செய்துவிட்டானே என்று பாதி. அந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமோ அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வலது கை அசைந்தால்தான் தவளை தாவும் என்கிற கன்ட்ரோலர். அதை அந்த அம்மா கையிலிருந்தே வாங்கி, தோள்பையில் போட்டுக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான்.

[நீங்களும் கோபப்படுங்கள். ஆனால் சீக்கிரம் ஆறிவிடும்.]

5

அவன் செருப்பைப் போடும்போது ஃபிராங்க்ளின் வாசல்வரை வந்தார். பேரம் முடிந்த பிறகு விற்றவர் சொல்கிற வழக்கமான பேச்சு எதையும் பேசவில்லை.

"ஆறாவது ஆத்துல பாலம் இடது பக்கம் ஒளிஞ்சிருக்கும் சார். நேராப் போனீங்கன்னா கிடைக்காது. ஸ்வல்ப பொறுமையாத் தேடுங்க" என்றார்.

சுதீர் படியிறங்கினான். தெருமுனைக்கு வந்தான். ஆட்டோ பிடித்து உட்கார்ந்தும்விட்டான். அவன் வீட்டில் ஏழு மெஷினும் கண்ணாடி அலமாரிக்குள் நின்றன. விலை ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அவற்றில் ஒன்றைக்கூட டிவியில் மாட்டவில்லை, தேய்ந்துவிடும் என்று பயம். இந்த மனுஷன், பொருளைப் பறிகொடுக்கிற நேரத்தில், வாங்கியவன் ஆடுவான் என்று நம்பி வழி சொல்லியனுப்புகிறார். சுதீருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். அவன் இறங்கிவிட்டான்.

(ஏன் திரும்பினாய் என்று நான் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. "டெஸ்டர் மேடம் நான். தெரிஞ்ச பக்கை ரிப்போர்ட் பண்ணாம இருந்தா தூக்கம் வராது" என்றான். பாலத்தைப் பற்றி வேறொரு நாள், வேறு பேச்சின் நடுவில்தான் சொன்னான். நான் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டேன். இந்த உரிமையாவது எனக்கு வேண்டாமா?)

மேலே போய் மெஷினையும் பெட்டியையும் மேஜைமேல் வைத்தான். இரண்டு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னான். உள்ளே இருப்பது இரண்டு கையால் பிடிக்கும் கன்ட்ரோலர். இடது கை தவளையை நகர்த்தும், தாவ வைக்க வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும். இது ஒன்று. டேப்பைப் பிரிக்காமல் விற்றால் முப்பத்தைந்தாயிரம் கிடைக்கும், பிரித்துவிட்டால் அதில் கால்வாசிகூடத் தேறாது. இது இன்னொன்று. வாங்குகிற ஆளை வேண்டுமானால் நானே காட்டுகிறேன் என்றும் சொன்னான்.

ஃபிலோமினா பெட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். முப்பத்தைந்தாயிரம் அந்த வீட்டில் சின்னத் தொகை இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தானாம் சுதீர். கத்தியோடு வந்தார்.

"அந்த டேப் கிழிபடற சத்தம் இருக்கே மேடம்" என்று என்னிடம் சொல்லும்போதும் அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பாவம், அவனையும் குறை சொல்ல முடியாது.

அவன் கொடுத்த எட்டாயிரத்தை ஃபிலோமினா அவன் சட்டைப்பையிலேயே திருப்பித் திணித்தார். ஒயர்களை அவனே டிவியில் மாட்டிக் கொடுத்தான். ஃபிராங்க்ளின் இவர்கள் இரண்டு பேர்மீதும் எரிச்சலாக இருந்தார். வலது கையைத் தர மாட்டேன் என்று குழந்தைபோல அடம் பிடித்தார். ஃபிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து, கன்ட்ரோலரின் வலது பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடித்தார். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார்.

தவளை முதல் ஆற்றின் கரையில் வந்து நின்றது.

6

முடிவு ஒன்று: கட்டைவிரல் அசைகிறது. தவளை தாவுகிறது. மூன்று பேரும்

[எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியிடம் படித்துக் காட்டினேன். வர வேண்டிய கை வரும், ஆனால் உங்கள் கதைக்கு வசதியான நேரத்தில் வராது என்றாள்.]

முடிவு இரண்டு: தவளை நாற்பது தரம் தண்ணீரில் விழுகிறது. நாற்பத்தோராவது தரம் ஃபிராங்க்ளின் கன்ட்ரோலரை வீசிவிட்டு

[நம்பும்படி இருக்கிறது. எழுத மனசு வரவில்லை.]

முடிவு மூன்று: சுதீரின் அலமாரியில் ஒரு தட்டு காலியாகவே

[சீ. அசைய வேண்டியது ஃபிராங்க்ளினின் விரல், இவன் அலமாரிக்கு இங்கே என்ன வேலை?]

கடைசியில் அவனிடமே கேட்டேன், விரல் அசைந்ததா இல்லையா என்று.

"தெரியாது மேடம். நான் எதிர்ல உட்கார்ந்திருந்தா அவர் அழுத்த மாட்டார்னு தோணிச்சு. அவருக்கு வெட்கமா இருக்குமில்ல. சொல்லாமக் கிளம்பிட்டேன்."

பத்து வருஷம் தேடிய பொருள் முதல் முறையாக உயிர் பெற்று ஓடுகிற நேரத்தில், பார்க்காமல் வந்திருக்கிறான். படியிறங்கும்போது ஃபிலோமினாவின் குரல் கேட்டதாம். "இன்னொரு தரம்" என்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதேதான். கேட்டைச் சாத்துகிறவரை கேட்டுக்கொண்டிருந்ததாம். அப்புறம் போன் பண்ணி விசாரித்தாயா என்று கேட்டால், இல்லை என்கிறான். அவர்களாகக் கூப்பிடும்போது கூப்பிடட்டுமாம்.

ஆகவே எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் கையேட்டில் எழுதலாம், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கே முடியவில்லை. ஃபிராங்க்ளினின் விரலை என் பேனாவால் தள்ளிவிடுவதும் சரியில்லை.

சுதீர் கிளம்பிவிட்டான், இதோ நானும் கிளம்புகிறேன். உங்களுக்கு நேரம் இருந்தால் ஃபிலோமினாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். டிவியைப் பாருங்கள், ஃபிராங்க்ளினின் கையைப் பார்க்காதீர்கள்.