இரண்டாவது மண்டலம்

நேபாள் சம்வத் 1145, கச்சலா மாதம், வளர்பிறை முதல் நாள். பழக்கதோஷத்தில் முதலில் அரசாங்கக் காலண்டர் தேதியை எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினேன். நம் நேவார் வருடம் இன்றுதான் பிறக்கிறது.

ரோஜினா டைரியை அத்தோடு நிறுத்திவிட்டு மேல்மாடிச் சமையலறைக்கு ஏறினாள். ம்ஹ பூஜைக்கு நேரமாகிவிட்டது. அவரவர் உடம்பை அவரவரே வணங்கும் பூஜை. வீட்டு மனிதர் ஒவ்வொருவருக்கும் தரையில் மாவால் வரைந்த ஒரு மண்டலம், அதில் ஒரு திரி. அம்மா போனபின் இரண்டுதான். கீழ்த்தளங்கள் முழுக்க வாடகைக்காரர்கள்.

அப்பா ஞானலால் மழைக்காலத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். எழுந்தபோது நேபாளி மொழி மொத்தமாகப் போயிருந்தது. தாய்மொழி நேவாரி மட்டும் மிஞ்சியது. "வீட்ல நேவாரி பேசினா பள்ளிக்கூடத்துல மார்க் போயிடும்" என்று சின்ன வயதில் அவள் வாயை அடைத்தவர் அவர். இப்போது அவள் மாலை வகுப்பில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

அவருக்குப் பக்கத்து மண்டலத்தின் முன் அவள் உட்கார்ந்தாள். அப்பா ஏதோ அதட்டினார். பிறகு கையை நீட்டி அவளுடைய மண்டலத்தை அழித்தார். திரி எரிந்து முடியுமுன் யாரும் செய்யாத காரியம்.

பாட்டன் நகரில் இருந்த அத்தையைப் போனில் பிடித்து, அப்பா பேசுவதைக் கேட்கவைத்தாள்.

"வாடகைக்காரப் பொண்ணுக்கு இங்க என்ன வேலைங்கறான்டி. அது அவன் மக எடமாம்."

"நான்தான் மகன்னு சொல்லுங்க அத்தை."

"தொண்டை வத்தச் சொல்லிட்டேன். கேட்டாத்தானே, எருமை!"

ரோஜினா நேவாரியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்: "அப்பா, நான் உங்க மக ரோஜினா."

அவர் முகம் மலர்ந்தது. அவள் கன்னத்தைத் தட்டி நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார் அத்தை?"

"விடுடி."

"சொல்லுங்க."

"'யார் வீட்டுப் புள்ளையோ, நம்ம பாஷைய அழகாப் பேசுற. ஆனா பொய் சொல்லாதே தாயி. என் மகளுக்கு இது ஒரு வார்த்தை வராது. நான்தான் வரவிடல'ங்கறான்."

அவள் எழுந்துகொண்டாள். தன் திரியை ஏற்றவில்லை. முட்டையும் மீனும் சாராயமும் அவருக்குப் பரிமாறினாள். வாசற்படியைப் பார்த்தபடியே அவர் சாப்பிட்டார்.

பிறகு அறைக்குப் போய், பாதியில் நின்ற பக்கத்தில் எழுதினாள்:

நாளை கிஜா பூஜை. தன் அண்ணனுக்குப் பூஜை செய்ய அத்தை வருவாள். காலையில் வால்நட்டும் வாடாமல்லி மாலையும் வாங்க வேண்டும். மண்டலம் ஒன்றே ஒன்று, அப்பாவுக்கு மட்டும், போட வேண்டும்.