கீறல் விழுந்த மாண்டலின்

என் வீட்டுக்காரரோடு கடைக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி. தக்காளி வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் சட்டம் பேசுவார். நான் எப்போதும் கடைக்காரர் பக்கம்தான். "நீங்க விடுங்கண்ணே, இவருக்கு வேற வேலை இல்ல" என்று பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம்.

அப்பேர்ப்பட்ட மனிதரோடு மாண்டலின் வாங்கப் போனேன். பகலில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர் அவர். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு ஒரு பாட்டுக் குழுவோடு விசேஷங்களில் மாண்டலின் வாசிப்பார். தெருவில் அவருக்கு 'டிங்டிங்' என்றே பெயர். அச்சகம் வயிற்றுக்கு. மாண்டலின் இல்லாவிட்டால் அந்த மனிதர் செத்த பாம்பு.

போன வாரம் குழுவின் தலைவர், கீபோர்டு வாசிக்கிறவர், வீட்டுக்கே வந்துவிட்டார். கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி வளைத்தார்.

"கோச்சுக்காதப்பா. கொஞ்ச நாளாவே உன் மாண்டலின் சுதி சேரல. பாடுற பொண்ணு தடுமாறுது. நல்லதா ஒண்ணு வாங்கு. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"பழசாயிடுச்சு மாஸ்டர். கழுத்து வளைஞ்சு போச்சு" என்றார் இவர். நானும் அப்படித்தான் நம்பினேன். என் தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுக்குள்ள முடிங்க. அதுக்கு மேல வாயத் தொறந்தீங்க, உங்களக் கடையிலயே வித்துட்டு வந்துடுவேன்."

"எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்.

கடையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எடுத்த எடுப்பில் சிவப்பாக, பளபளவென்று, ஓரமெல்லாம் முத்துச்சிப்பி பதித்த ஒன்றை நீட்டினாள். இவர் வாங்கி, முன்பலகையில் இருக்கிற துவாரத்தின் விளிம்பைப் பார்த்தார்.

"ஒட்டுப்பலகைம்மா இது. அடுக்கடுக்கா தெரியுது பாரு. காசெல்லாம் பூவேலைக்குப் போயிருக்கு. பூவா பாடப்போகுது? முன்பலகை ஒரே மரமா இருக்கணும். வேற எந்த அலங்காரமும் வேணாம்."

அவள் உள்ளே போய் மங்கலான பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தாள். முதுகில் நீளமாக ஒரு கீறல். அதனால் விலையைக் குறைத்திருந்தார்கள், எங்கள் பணத்துக்குள் அடங்கியது. ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நேர் பார்த்தார். முறுக்காணிகளைத் திருகிப் பார்த்தார். கம்பிகளைக் கழுத்தின் கடைசிக் கட்டை வரைக்கும் அழுத்திப் பார்த்தார். எங்கும் இழுக்கவில்லை, உறுத்தவில்லை.

"கீறல் விழுந்தது நம்ம அதிர்ஷ்டம்டி" என்று என் காதில் சொன்னார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்புறம் சுதி சேர்க்க உட்கார்ந்தார். மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடியில் இருக்கிற இரண்டும் ஒரே குரலாக நிற்கவேண்டும். மூன்று ஜோடி நின்றது. கடைசியில் மெல்லிசுக் கம்பிகளைத் திருகினார், நிறுத்தினார், மீட்டினார். எனக்குப் பல் கூசியது.

"கம்பி பழசு. மந்தமா கேக்குது" என்றார்.

அவள் புதுக் கம்பி மாட்டிக் கொடுத்தாள். மறுபடியும் திருகினார். மறுபடியும் அதே கூச்சம்.

"குதிரை சரியா உக்காரல."

கம்பிகளுக்கு அடியில் இருக்கிற அந்தச் சின்னக் கட்டையை அவள் குனிந்து அளந்து பார்த்தாள். "சரியாத்தான்ணா இருக்கு. சுதி காட்டுற ட்யூனர் இருக்கு, வச்சுப் பாத்துடலாமா?"

"அது எதுக்கு? என் காது என்ன அடகுக் கடையிலயா இருக்கு?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. சங்கீதம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தினமும் காலையில் இவர் சுதி சேர்க்கும்போது நான் தைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு கம்பியும் ஒன்றாகிற அந்த நொடி எனக்குத் தெரியும். சில மாதமாக அந்த நொடி வரவே இல்லை. பழைய மாண்டலின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். இதுவோ புதுசு. கம்பியும் புதுசு.

எனக்கு என்ன ஆனதோ, அந்தப் பெண் மேல் பாய்ந்தேன். "என்னம்மா கடை நடத்துறீங்க? அவரு சொல்றாரு, நீ எதுத்துப் பேசுற! எத்தன வருஷமா வாசிக்கிறாரு தெரியுமா? குதிரை சரியில்லன்னா சரியில்லதான். வேற குதிரை போடு!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தாலாவது தேவலை.

இவர் மெல்லத் திரும்பினார். "நீயா? எனக்காகவா சண்ட போடுற?"

"ஏன், போடக் கூடாதா?"

"கடைக்காரங்க பக்கம்தானே நிப்ப நீ."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "அத வைம்மா" என்றார்.

அவள் மாண்டலினின் தலையில் ட்யூனரைக் கவ்வ வைத்தாள். இவர் மீட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். பச்சை வந்ததும் இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டினாள். கடை முழுக்க ஒரே குரலாகக் கேட்டது. அவ்வளவு அழகாக இருந்தது, பாவி மாண்டலின்.

"இப்ப சேந்துடுச்சா?" இவர் என்னைத்தான் கேட்டார்.

"சேந்துடுச்சுங்க."

"முன்னாடி சேரலையா?"

"சேரல."

மாண்டலினை வாங்கி, மரத்தின் மேல் காதை வைத்து, மறுபடி மறுபடி மீட்டினார். "எனக்கு அப்பவும் இப்பவும் ஒண்ணாத்தான்டி கேக்குது" என்றார்.

கடை என்றும் பார்க்காமல் அழுதேன். "டாக்டரப் பாப்போம். காதுக்கு மிஷின் வச்சுக்கலாம். இத வாங்கிட்டே போயிடலாங்க" என்றேன். "பாப்போம், பாப்போம்" என்று என் முதுகைத் தட்டினார், அழ வேண்டியவள் நான்தான் என்பது போல.

சட்டை நுனியால் கம்பிகளைத் துடைத்தார். மாண்டலினை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"நல்ல வாத்தியம்மா. கீறலப் பாத்து இதோட விலையக் குறைக்காத. ஆளப் பாத்துக் குடு."

வெளியே வந்து, நடைபாதை ஓரமாக நின்று கீபோர்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், மாண்டலின் பாத்தேன். கிடைச்சுது. ஆமா, ரொம்ப நல்ல மாண்டலின். வாத்தியத்துல ஒரு குறையும் இல்ல." போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க மாஸ்டர்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "என்னப்பா சொல்ற? ஹலோ? ஹலோ?" என்று கீபோர்டுக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.