கல்லாவுக்குள் இருந்த முடிவு

ராஜமணி அண்ணாச்சியின் வாடகைப் புத்தகக் கடையில் எந்தப் புத்தகத்துக்கும் முடிவு இருக்காது. எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தருவதில்லை என்று, கடைசி அத்தியாயத்தைப் பிய்த்துத் தனியாகத் தைத்துக் கல்லாவில் வைத்துக்கொள்வார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முடிவைப் படித்துவிட்டுப் போகலாம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து லாரி ஆபீசுக்குக் கணக்கெழுத கோவில்பட்டி வந்த எனக்குத்தான் இது முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு என் சாயங்காலமெல்லாம் அந்த பெஞ்சில்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷ மழையில், புருஷன் வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணைப் பற்றிய குடும்ப நாவலின் முடிவைக் கரையான் தின்றுவிட்டது.

"தம்பி, நீங்க என்னமோ எழுதுவீங்கல்லா? நீங்களே ஒரு முடிவ எழுதி, அந்தப் புள்ளய எப்படியாவது புருசன் வீட்டுல கொண்டு சேத்துருங்க" என்றார் அண்ணாச்சி.

எழுதினேன். அச்சடித்து, தைத்து, கல்லாவில் வைத்தார். யாராவது ஒருவர் அதை நம்பிப் படித்துவிட்டால் நான் எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தை முதலில் எடுத்தவள் ராதாமணி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள்.

சனிக்கிழமை நான் பெஞ்சில் இருக்கும்போதே அஞ்சு புத்தகத்தோடு வந்தாள்.

"துப்பறியுத கதையில அஞ்சாம் பக்கமே டாக்டருதான்னு தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. அந்தப் போலீசு சும்மா அலையுதான். பேய்க்கதை படிச்சுச் சிரிச்சேன். வெள்ளச்சேலையோட மழைக்குக் கரிசக்காட்டுல நடக்கச் சொல்லுங்க பாப்போம் அந்தப் பேய! ராசா கதையில குதிரைய விட்டு எறங்கவே மாட்டேங்கான், எப்பத்தான் சாப்புடுவான்? சமையல் புஸ்தகம் முந்திரிப்பருப்பு உள்ளவியளுக்கு."

"ஏட்டி, உனக்கு எதுதான் புடிக்கும்?"

"குடும்பக் கதைதான். முடிவக் குடுங்க."

படித்தாள். பாதியில் நிமிர்ந்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"இது யாரு எழுதுனது?"

"அட்டையில போட்டிருக்கில்லா?"

"அவரு இல்ல. அந்த வீட்டுல மாமியா, மாமனாரு, கொழுந்தன், புருசன்னு இத்தன பேரு. இவ திரும்பி வாரா. ஒத்தக் கைப்பிடி அரிசி களையுதா. ஒரு தட்ட கழுவிக் கவுத்துதா. ஒருத்தர்ட்டயும் பேச்சில்ல. வெளக்க அணைச்சிட்டுப் படுக்கா. இது அந்த வீடே இல்ல அண்ணாச்சி. ஒத்தையில கெடக்குத யாரோ ஒரு ஆம்பளையோட ரூம்பு."

கதைப் பெண்ணைப் புருஷனோடு சேர்த்துவைத்துவிட்டதாக அல்லவா நினைத்திருந்தேன்! மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு கைப்பிடி அரிசி. ஒரு தட்டு. புருஷன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அதைக் கண்டு அவளும் என்னைப் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போனது.

"மாத்தி எழுதச் சொல்லுதேன்" என்றார் அவர் மெதுவாக.

"மாத்தவெல்லாம் வேண்டாம்." தாள்களை ஒழுங்காக மடித்துக் கல்லாவின் மேல் வைத்தாள். வாசல்படியில் இறங்கியவள் திரும்பாமலே சொன்னாள்:

"வேற எதுலயும் கரையான் புடிச்சா, அந்த முடிவயும் படிக்க எனக்குச் சொல்லிவிடுங்க அண்ணாச்சி."