பதினான்காம் கணக்கில் ஒரு திருத்தம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அஞ்சலட்டையிலிருந்து வந்தது. கனவில் வந்தது, மழையில் வந்தது என்றெல்லாம் அளக்க எனக்கு வராது. நான் மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவள். நானும் என் கணவரும் சேர்ந்து எழுதிய ஒரே புத்தகம் ஒரு கணக்குப் புத்தகம்: மாறுதிசை மின்சுற்றுகள், இருநூறு கணக்குகள், விடைகளுடன். அதில் பதினான்காம் கணக்கின் விடை தப்பு என்று யாரோ ஒரு வாசகர் பதிப்பாளருக்கு எழுதிப்போட, அவர் அந்த அட்டையை எனக்கு அனுப்பிவைத்தார்.

2

முதல் தொடக்கம்: "அவள் ஜன்னலோரம் நின்று தொலைவில்..."

(வேண்டாம். என் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதை எவ்வளவு நேரம் பார்ப்பது?)

இரண்டாம் தொடக்கம்: "ஆறு வருடமாகத் தனியாக இருக்கும் ஒரு பெண்..."

(ஒரு பெண்ணாம்! பெரிய ரகசியம். நான்தான்.)

3

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், ஒரு நிமிஷ வேலை. அ, ஆ என்று இரண்டு முனைகள். நடுவில் மூன்று ஓம் தடை ஒன்று, நான்கு ஓம் கம்பிச்சுருள் ஒன்று, அடுத்தடுத்து. இரண்டையும் எடுத்துவிட்டு அவற்றுக்குச் சமமாக ஒரே ஓர் எண் போட வேண்டும். அதுதான் சமான மின்மறுப்பு. உள்ளே எத்தனை இருந்தாலும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுதான்.

[கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இரண்டு நாற்காலி இருப்பதை அவர் பார்க்கவில்லை. ஒன்றில் பழைய விடைத்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன.]

மூன்றும் நான்கும் ஏழு என்று புத்தகத்தில் இருக்கிறது. சரியான விடை ஐந்து, செங்கோண முக்கோணத்தில் வருமே அதே மூன்று, நான்கு, ஐந்து. தடையும் சுருளும் ஒரே நேரத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் கிடக்கும். இது இறங்கினால்தான் அது ஏறும். அதனால் இரண்டும் சேர்ந்த பாரம் ஏழு ஆகவே ஆகாது. மாணவர்கள் இப்படிக் கூட்டிவைத்தால் சிவப்பு மையில் சுழித்து, "நேராகக் கூட்டாதே" என்று ஓரத்தில் எழுதுவேன். எழுதி எழுதிக் கை ஓய்ந்திருக்கிறது. அதே தப்பை நானே செய்து அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். வெட்கக்கேடு.

4

புத்தகத்துக்குப் படம் போடுவது என் கணவர், கணக்குப் போடுவது நான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், கடைசியாக மிச்சமிருந்த பதினான்காம் படத்தைப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், வேற ஊரு காலேஜ்ல கூப்பிட்டாங்க. வரேன்னுட்டேன்."

[அவர் எனக்கு சார், நான் அவருக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், கல்யாணம் ஆகியும் போகவில்லை.]

"என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணல, இல்ல சார்?"

"கேட்டா வேணாம்பீங்க."

நான் கத்தினேன். அவர் வாயே திறக்கவில்லை. நான் ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் ஆரம்பித்தார், ஒவ்வொன்றாக, பழசையெல்லாம் தோண்டி. அவர் பேசப் பேச நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எதையாவது எழுத வேண்டுமே என்று ஏழு என்று எழுதினேன். கடைசியில், "நீங்களும் வாங்க டீச்சர்" என்றார். "வரமாட்டேன்" என்றேன். அவர் போனார். முதலில் வாரம் ஒரு போன். அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம்...

5

இன்னொரு சண்டையையும் சொல்ல வேண்டும், அது சொல்லைப் பற்றியது. இம்பீடன்ஸுக்குப் புத்தகத்தில் என்ன போடுவது? நான் மின்மறுப்பு என்றேன். அவர் தடங்கல் என்றார்.

"மறுப்புன்னா முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு டீச்சர். கரண்ட்டு போகத்தானே செய்யுது? கொஞ்சம் தயங்கிப் போகுது, அவ்ளோதான். தடங்கல்."

"டிவில படம் நின்னா போடுவாங்களே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு. அந்த மாதிரி இருக்கு சார்."

"ஆமா. அப்புறம் படம் திரும்ப வரும்ல?"

நான் விடவில்லை. புத்தகம் முழுக்க மறுப்புதான்.

இப்போது அஞ்சலட்டை. டைப் அடித்து ஒட்டியது, கையெழுத்து இல்லை. முழுவதையும் தருகிறேன்:

"ஐயா, பதினான்காம் கணக்கின் விடை ஏழு அல்ல, ஐந்து. திருத்தவும். தடங்கலுக்கு வருந்துகிறேன். ஒரு வாசகர்."

வாசகராம் வாசகர்! படித்துவிட்டு அழுதேன். கதையில் நாயகி கண்ணீரை அடக்கிக்கொண்டாள் என்று எழுதலாம்தான். நான் அடக்கவில்லை. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் பிடிவாதம் மூன்று, என் கோபம் நான்கு, ஆகமொத்தம் ஏழு, இனி தாங்காது என்று முடிவுகட்டி ஆறு வருடம் சுமந்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தியதே கிடையாது.

6

இன்று காலை பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், நாளைக்கு ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. ஏழை அஞ்சாக்கணும்னா சாரும் சரின்னு சொல்லணும். ரெண்டு பேரு பேரும் இருக்குல்ல?"

"நீங்களே கேட்டுடுங்களேன்."

"கேட்டேன் மேடம். 'டீச்சர் கேட்டா சொல்றேன்'னுட்டாரு."

7

முடிவு ஒன்று: நான் பேசவில்லை. புத்தகம் ஏழோடு வருகிறது. இன்னும் ஆயிரம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள், நான் அத்தனை பேருக்கும் சிவப்பு மையில்...

முடிவு இரண்டு: பேசுகிறேன். "பதினாலு, அஞ்சு, சரிதானே சார்?" "சரி." வைத்துவிடுகிறார். (இதற்குப் பயந்துதான் காலையிலிருந்து போனைத் தொடாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

முடிவு மூன்று: அவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்று... (போதும். சினிமா.)

விடைத்தாள்களை நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மணி போகிறது. இரண்டு. மூன்று. நான்கு.

"டீச்சர்?"

"சார்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அ முனையில் நான், ஆ முனையில் அவர், நடுவில் இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டேன். விடையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நேராக மட்டும் கூட்டாதீர்கள்.