மடியில் கட்டிய விமானம்

சோலைராஜுக்கு அன்று மத்தியானத்திலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றில் ஃபிட்டர் அவர். தறி எத்தனை கத்தினாலும் பதறாத மனிதர். அப்பேர்ப்பட்டவர் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தார். தெருமுனை வரை வந்துவிட்டு, இன்னொரு தடவையும் போய் இழுத்தார்.

"காலுல சக்கரத்தக் கட்டியிருக்கியளா? செத்த நேரம் ஒரு எடத்துல நில்லுங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

எப்படி நிற்பார்? அவர்களுடைய ஒரே மகள் மாரிசெல்வி அமெரிக்காவில் விமான இன்ஜின் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆபீஸ் வேலை என்றுதான் வீட்டில் பேச்சு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது மெய்தான். அந்தக் கம்ப்யூட்டர் இருப்பது ஆகாயத்தில் என்பது சோலைராஜுக்கு மட்டும் தெரியும்.

புதிதாகச் செய்த பெரிய இன்ஜினை நேரே புது விமானத்தில் மாட்டிவிட மாட்டார்களாம். நான்கு இன்ஜின் உள்ள பழைய விமானம் ஒன்றை எடுத்து, ஒரு இன்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புதியதை மாட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். படம் அனுப்பியிருந்தாள். மற்ற மூன்றும் வாளி என்றால் புதியது கல்யாண அண்டா. பயணிகள் சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, அங்கே கம்ப்யூட்டர் வரிசை போட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் முன்னால் மாரிசெல்வி பெல்ட் மாட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு மக்கர் பண்ணாலும் பழசு மூணும் கொண்டாந்து சேத்துரும்ப்பா. பயப்படாதீங்க."

"நாங்களும் மில்லுல புது மோட்டார பழைய தறியில மாட்டித்தான் ஓட்டிப் பாக்கோம். ஆனா எங்க மோட்டார் நின்னா டீ குடிக்கப் போவோம். நீ எங்க போவ?"

அவள் சிரித்தாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா. அம்மா தாங்க மாட்டா."

அன்றிலிருந்து மனிதர் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அலைகிறார். விமானம் எங்கே பறக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றைச் செல்போனில் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். பறக்கிற நாளெல்லாம் மில் கழிப்பறைக்குள் நின்று அதைப் பார்ப்பார். இறங்கியதும் மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "இறங்கிட்டேன்ப்பா" என்பாள். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். அவளைக் கொஞ்சம் திசைதிருப்பலாம் என்று பால்கோவா வாங்கி நீட்டினார். சூடு ஆறாத பால்கோவாவைக் கண்டால் பாண்டீஸ்வரி விடமாட்டாள்.

"வேண்டாங்க. வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொட்டலத்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் பொழுது சாயவும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அங்கே விடிகிறது. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து சோலைராஜ் செல்போனை மடியில் மறைத்து வைத்துப் பார்த்தார். மஞ்சள் விமானம் கிளம்பிவிட்டது. மேலே, மேலே போனது. அவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றது தெய்வம் இல்லை, மச்சினன் காசிராஜன். மம்சாபுரத்துக்காரர், பெண்ணைப் பெற்றவர்.

"அத்தான், ஒங்க செல்லுல ஹாட்ஸ்பாட் போடுங்க. துபாய்ல இருக்க எம் மவன் தங்கச்சி நிச்சயத்த வீடியோவுல பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். என் செல்லுல நெட்டு கெடைக்கல."

மறுக்க முடியுமா? போட்டுக் கொடுத்தார். துபாய்க்காரன் மண்டபத்தின் சீரியல் விளக்கிலிருந்து சமையல்கட்டுச் சாம்பார் வரை பார்த்து முடித்தான். சோலைராஜின் விமானம் நேராகப் போனது, வளைந்தது, போன வழியிலேயே திரும்பியது. வழி தெரியாத ஆட்டுக்குட்டி மாதிரி வட்டம் போட்டது. உயரத்தைக் காட்டுகிற எண் மளமளவென்று குறைந்தது. நடுவில் ஏதோ மெசேஜ் வந்து விழுந்தது. அதையெல்லாம் யார் படிப்பது? எரிச்சலோடு தள்ளிவிட்டார். மறுபடி பார்த்தபோது வரைபடம் வெறுமையாக இருந்தது.

விமானம் இல்லை.

தட்டினார், தேய்த்தார், அணைத்துப் போட்டார். விமானம் வரவே இல்லை. மகளைக் கூப்பிட்டார். சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர மணி போகவில்லை. பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, அத்தனை உயரத்தில் ஏற்றி உட்கார வைத்ததே நான்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இதைப் பாண்டீஸ்வரிக்கு எப்படிச் சொல்வது? மேடையில் தட்டு மாற்றப் போகிறார்கள். பெண்ணுக்கு அத்தை அவள்தான், தட்டை ஏந்தி நிற்க வேண்டியவள். இப்போது சொன்னால் விழுந்துவிடுவாள். நல்ல காரியம் நின்றுபோனால் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் பேச்சு. சொல்லாமல் இருந்து, நாளைக்கு டிவியில் பார்த்து அவள் தெரிந்துகொண்டால், அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

எழுந்துவிட்டார். பெண்கள் பக்கம் அவளைக் காணோம். பந்திக் கூடத்தில் இல்லை. பின்னால் போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றாள் பாண்டீஸ்வரி. அவள் கையில் செல்போன். அதில் அதே வரைபடம், அதே மஞ்சள் விமானம். நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏட்டி..." என்றார்.

அவள் திடுக்கிட்டுச் செல்லை முந்தானையில் மறைத்தாள். பிறகு அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். வாங்கித் திருப்பினாள்.

"டேட்டா தீந்து போச்சுங்க. மெசேஜ் வந்து கெடக்கே, பாக்கலையா?"

இருந்த டேட்டாவையெல்லாம் துபாய்க்காரன் குடித்துவிட்டான். சோலைராஜ் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஈரம் வேட்டியில் ஏறியதுகூட உறைக்கவில்லை.

"வட்டம் போடுதே. எறங்க முடியலையோ?"

"இல்லங்க. இன்னைக்கு அணைச்சுப் பொருத்துத நாளு. மேல வச்சே புது இன்ஜின அணைச்சிருவாவளாம். கொஞ்சம் கீழ எறங்கி, திருப்பிப் பத்த வச்சுப் பாப்பாவளாம். காத்துல அடுப்புப் பத்த வைக்க மாதிரின்னு சொல்லிச்சு."

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒங்க மவதான். 'அப்பாட்ட சொல்லிராதம்மா, அவிய தாங்க மாட்டாவ'ன்னா. அது பறக்குத அன்னைக்கு, எறங்குத வரைக்கும் இனிப்பு தொட மாட்டேன்னு ஆண்டாளுக்கு வேண்டியிருக்கேன்."

அவருக்குக் கோபம் வந்தது. அதற்குள் அழுகையும் வந்தது. இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு விமானத்தை மடியில் கட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள்.

"பொண்ணோட அத்தை எங்க? தட்டு மாத்தணும், வரச் சொல்லுங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

உயர எண் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாண்டீஸ்வரி கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு செல்லை அவர் கையில் வைத்தாள். "நீங்க பாருங்க. கண்ண எடுத்திராதிய." போய்விட்டாள்.

அவர் பார்த்தார். இமைக்கவே இல்லை. வட்டம் நின்றது. விமானம் நேரானது. கிளம்பிய ஊரை நோக்கித் திரும்பியது. எண் குறைந்து, குறைந்து, பூஜ்யத்தில் நின்றது. "ஆத்தா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

உடனே செல் அடித்தது. மாரிசெல்விதான். ஆனால் அம்மாவுக்கு! எடுத்தால் குட்டு உடைந்துவிடும். எடுக்காவிட்டால் அங்கே பிள்ளை பதறும். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தை விலக்கி மேடையேறி, தட்டை ஏந்தி நின்றவள் காதில் செல்லை வைத்தார். ஊரே பார்த்தது.

"சாப்பிட்டியா தாயி?" என்றாள் பாண்டீஸ்வரி, தட்டு ஆடாமல். கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "சரி, சரி. அப்பாட்ட சொல்ல மாட்டேன்."

"யாரு மதினி, இம்புட்டு அவசரமா?" என்றாள் காசிராஜன் மனைவி.

"எம் மவதான். ஆபீஸ்ல ஒரு வேல முடிஞ்சிருக்கு."

அப்படியென்றால் முதல் அழைப்பு எப்போதும் அம்மாவுக்குத்தான். தான் இரண்டாவது. சோலைராஜுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் தானாகச் சிரித்தது.

தட்டு கைமாறியதும் மேடையின் ஓரத்துக்கு வந்து, பாண்டீஸ்வரி தன் செல்லில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் செல் அடித்தது. இருவருக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்துக்கொண்டார்.

"இறங்கிட்டேன்ப்பா. நல்லாப் பத்திக்கிச்சு. அம்மாட்ட சொல்லிராதீங்க."

"நான் எதுக்குத்தா சொல்லப் போறேன்?"

பாண்டீஸ்வரி அவர் சட்டைப் பைக்குள் கை விட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பெரிய விள்ளலாக எடுத்து வாயில் போட்டாள்.

"வச்சிரட்டாப்பா? வேல கெடக்கு. நாளைக்கும் பறக்கோம்."

பாண்டீஸ்வரி மெல்லுவதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். வாயில் இருந்த பால்கோவாவை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே நின்றாள்.