இரைச்சலோடு போன மூன்றாம் ஆள்

ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள் அவள். அவ்வளவு ஆத்திரம்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய ஜாஸ் ஒலிப்பதிவு அது. பியானோ, ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர். இசைத்தட்டாக மறுபடி வெளியிட, பழைய டேப்பிலிருந்து அதைக் கணினியில் ஏற்றியவள் அவள். டேப்பின் இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று தலைமைப் பொறியாளர் ஒரு மென்பொருளை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். போனது இரைச்சல் மட்டுமா? அந்த டிரம்ஸ்காரர் குச்சியால் அடிக்கிறவர் இல்லை. கம்பிப் பிரஷ்ஷை டிரம்மின் மேல் வட்டமாகத் தேய்க்கிறவர். உஸ்ஸென்று ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மென்பொருளுக்கு அதுவும் இரைச்சல், இதுவும் இரைச்சல். ஆளையே வழித்துப் போட்டுவிட்டது.

மாலை ஐந்துக்குள் பதிவு இசைத்தட்டு ஆலைக்குப் போயாக வேண்டும். போய்விட்டால் அச்சாகும் அத்தனை தட்டிலும் அந்த மனுஷன் இல்லை.

மூன்று பேர் வாசிக்கும் இசையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதனால்தான் அவளுக்கு அதன்மேல் உயிர். முப்பது பேர் கூட்டத்தில் ஒருத்தன் தூங்கினாலும் தெரியாது. இங்கே பியானோக்காரர் ஒரு வரியைப் பாதியில் விடுவார், பேஸ்காரர் ஒரு எட்டு முன்னால் வைப்பார், பிரஷ் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த இடத்தில் வெறும் பள்ளம். பல் போன வாய் மாதிரி இருந்தது பாட்டு.

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'தங்கக் காது' என்று பெயர். அந்தப் பெயரை விற்றே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். சாப்பிட்டுத் திரும்பிய அவர் எதிரில் நின்று இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினாள். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. கேட்டுவிட்டது அவருக்கு. ஆனாலும், பொட்டு இரைச்சல் இருக்காது என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, வாங்குகிறவன் பியானோவுக்காகத்தானே வாங்குகிறான் என்று இழுத்தார். அப்புறம் சிரித்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது ஜாஸ் கேட்டிருக்காங்களா?"

மூட்டை தூக்கும் அப்பாவையும், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி மிதித்த அவளையும் ஒரே கேள்வியில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

"இல்ல சார். நான்தான் முதல் ஆளு. அதான் காதைத் திறந்து வெச்சுக் கேக்குறேன்."

விறுவிறுவென்று இடத்துக்கு வந்தாள். தட்டின் அட்டையைக் கணினியில் திறந்தாள். 'மூவர்' என்றிருந்ததை 'இருவர்' ஆக்கினாள். டிரம்ஸ்காரரின் பெயரை அழித்தாள், படத்திலிருந்தும் வெட்டினாள். அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். தட்டுல இல்லாத ஆளு அட்டையில எதுக்கு?"

பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அவர் பேனா மூடியைத் திறந்தார். இரண்டு பேர் படத்துக்குக் கீழே, ஒலியை மீட்டவர் என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பேனா காகிதத்தைத் தொடவேயில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ ஏத்துன பதிவையே அனுப்பிடு. கோளாறைக் கண்டுபிடிச்சது நான்னு ஒரு குறிப்பு மட்டும் போட்டுடு."

"அதை நீங்களே எழுதிக்குங்க சார். எனக்குப் பொய் டைப் அடிக்க வராது."

டிரம்ஸ்காரர் பிழைத்தார். அவள் ஆத்திரம் இறங்கவில்லை. பதிவை அனுப்ப அவள் பொத்தானைத் தட்டிய வேகத்தில் பக்கத்து மேசைத் தேநீர் தளும்பியது.