தொள்ளாயிரத்து எழுபதாவது மணி

ஈரக்காற்று பட்டாலே கெட்டுப்போகும் புதுவகை சோலார் செல் அது. ஆயிரம் மணி நேரம் தாங்கினால்தான் ஆராய்ச்சி மாணவிக்குப் பட்டம். தொள்ளாயிரத்து எழுபதாவது மணியில் அவள் சாப்பிடப் போயிருந்தாள். பேராசிரியர் செல்லை ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, ஆய்வகம் பார்க்க வந்த சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்து, அரை மணி நேரம் போட்டோ பிடித்தார். அவள் வந்து பார்த்தபோது கறுப்புச் செல் மஞ்சளாகியிருந்தது.

"இது என்ன பூச்செண்டா சார், வர்றவங்க கையில குடுக்க?"

"ஏம்மா கத்தறே? முப்பது மணிதானே பாக்கி? ஆயிரம்னே எழுதிடு."

இரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு பொய்தான் மருந்தாம்! சோதனைப் பதிவேட்டில் அழுத்தி எழுதினாள்: "970 மணியில் சோதனை நின்றது. காரணம்: பேராசிரியர்."

"கையெழுத்துப் போடுங்க சார்" என்று நீட்டினாள்.